செம்பியன் மாதேவியார் திருத்தொண்டு

சிவமயம்

நம் கனகம்மாசத்திரத்திற்கு அணித்தே உள்ளது திருவாலங்காடு. ஆலவனத்து நள்ளிரவில் ஆடும் பெருமானுடைய இரத்தினசபை அது. தலையால் நடந்து கயிலை சேர்ந்த காரைக்காலம்மையார், அப்பெருமான் திருவடிக்கீழ் இருந்து பாடும் பேறு பெற்ற தலமும் அதுவே. அத்தலத்திலே கி.பி. 1905-இல் வளையம் ஒன்றிற் கோத்த செப்பேடுகள் கிடைத்தன. ஏடுகள் 31. கங்கை கொண்ட இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் திருவாலங்காட்டு மகாதேவர்க்குப் பழையனூரைத் தேவதானமாக அளித்த செய்தி அவற்றிற் பொறிக்கப்பெற்றுள்ளது. அவ்வேடுகள் இப்பொழுது சென்னை அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளன.

பழையனூர் கொடையைப் பற்றி இப்பகுதி அன்பர்கள் பலரும் கேள்வியுற்றிருப்பர். அதே ஏடுகளின் வடமொழிப் பகுதியில், சோழர் அரியணைக்கு உரியவர் யாவர் என்று நாடே திகைத்து நின்ற காலத்தின் வரலாறு அடங்கியிருத்தலைச் சிலரே அறிவர். முடிக்கு உரிமையுடைய இரு கிளையினர். அவ்விரு கிளைக்கும் பெண் கொடுத்த குறுநிலத் தலைவர். ஆற்றல் மிக்க இளவரசன் ஒருவனது கொலை. இவற்றின் நடுவே தாயாய், கைம்பெண்ணாய், ஆறு மன்னர் ஆட்சியைக் கண்டவராய், சிவபெருமானுக்குக் கற்றளி எடுப்பதொன்றே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர் செம்பியன் மாதேவியார். குடமுழுக்கு மலரொன்றில் நினைக்கத் தக்கார் அவரினும் பிறர் உளரோ?

அவர் வரலாற்றையும் இப்பக்கத்து மண்ணிலிருந்தே தொடங்குதல் வேண்டும். திருவாலங்காட்டிற்குத் தெற்கே திருவூறல் என்று பாடல் பெற்ற தக்கோலம் இருக்கின்றது. கி.பி. 949-இல் அங்கே பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் அவனுக்குத் துணைவந்த கங்கநாட்டுப் பூதுகனும் ஒருபுறம். முதற் பராந்தக சோழனுடைய மூத்த மகன் இராசாதித்தன் மறுபுறம். யானைமேலிருந்தே போரிட்ட இராசாதித்தன் யானைமேலேயே உயிர் துறந்தான். தொண்டைநாடு பகைவர் கைப்பட்டது. பராந்தகன் நாற்பதாண்டுகளுக்கு மேல் அரிதிற் பெருக்கிய பேரரசு ஒரே பகலிற் சுருங்கியது. பட்டத்துக்குரிய மூத்தவன் மாண்டமையால், அரசுரிமை இரண்டாம் மகனாராகிய கண்டராதித்தரைச் சார்ந்தது. தக்கோலத்துக் களத்தில் அன்று பாய்ந்த அம்பு, பின்னர் மூன்று தலைமுறைக்குச் சோழர் குடும்பத்தைக் கலக்கியதெனின் மிகையன்று.

கண்டராதித்தரை நாம் அரசராக நினைப்பதினும் அடியாராக நினைப்பதே பெருவழக்கு. ஒன்பதாந் திருமுறையில் திருவிசைப்பா அருளிய ஆசிரியர் ஒன்பதின்மருள் அவரும் ஒருவர். தில்லைக் கூத்தப்பிரான்மேல் அவர் பாடிய பதிகம் ஒன்றே நமக்குக் கிடைத்துள்ளது. தம் தந்தையார் அம்பலத்தைப் பொன்வேய்ந்த செயலையும் அதிற் குறித்துள்ளார். காவிரியின் வடகரையில் தம் பெயரால் ஊரொன்று அமைத்தார் என்று ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறும். கல்வெட்டுகள் அவரை மேற்கெழுந்தருளிய தேவர் என்று குறிக்கின்றன. மேற்கே எழுந்தருளினார் என்பது மறைவைக் குறிக்குமோ, தலயாத்திரையைக் குறிக்குமோ, துறவைக் குறிக்குமோ என ஆராய்ச்சியாளர் பலபடக் கூறுவர். அவர் ஆண்ட காலம் கி.பி. 957-ஐ ஒட்டி முடிந்தது. எட்டாண்டுக்கு மிகாத ஆட்சி அது.

இத்தகையார்க்கு வாழ்க்கைத் துணையாய் வாய்த்தவர் மழவரையர் குலத்திற் பிறந்த மாதேவியார். மழநாட்டுக் குறுநில வேந்தர் அம்மழவர். மாதேவியார் தம் கல்வெட்டுகளில் தம்மை மூவகையாற் குறித்துக்கொள்வார்: மழவரையர் மகளார், கண்டராதித்தர் தேவியார், உத்தம சோழரை வயிறு வாய்த்தவர் என்று. தந்தை, கணவர், மகன் என்னும் இம்மூவர் பெயரையும் விடாது கூறுகின்றாரேயன்றித் தாம் செய்த திருப்பணிகளின் பெருமையை ஓரிடத்தும் விரித்துரைக்கின்றிலர்.

கண்டராதித்தர் மறைந்தபொழுது அவர் மகன் மதுராந்தகன் சிறுகுழந்தை. வடக்கே பகைவர் நிற்க, நாடு பாதி போய்க்கிடக்க, தொட்டிற் குழவிக்கு முடி சூட்டுதல் எங்ஙனம்? ஆதலின் முடி கண்டராதித்தர் தம்பி அரிஞ்சயனைச் சார்ந்தது. அவனும் நெடுங்காலம் வாழ்ந்திலன். ஆற்றூரில் உயிர் நீத்த அவன் நினைவாகப் பின்னாளில் அவன் பெயரன் இராசராசன் எடுத்த கோயிலை, பொன்னையாற்றங்கரையிலுள்ள மேற்பாடியில் இன்றுங் காணலாம். அரிஞ்சயனுக்குப் பின் அவன் மகன் சுந்தரசோழன் அரசனானான். இங்ஙனம் மூத்தார் கிளையினின்று இளையார் கிளைக்கு அரசு சென்றது. சென்ற அரசு மீளுமோ, மீளாதோ? அஃது எவரும் வாய்விட்டுக் கேளாத வினாவாய்க் குடும்பத்தின் நடுவே கிடந்தது.

அக்காலத்து அரசுரிமை, பிறப்பினால் மட்டும் அமைந்ததன்று. பெண் கொடுத்தோர் வலிமையும் அதனுள் அடங்கும். அரிஞ்சயன் தேவியருள் ஒருவர் வைதும்பர் குலத்துக் கல்யாணி. சுந்தரசோழன் அவர் வயிற்றிற் பிறந்தவன். வைதும்பர் நம் வடவெல்லைக்கு அப்பால் தெலுங்கு நாட்டில் ஆண்டவர். அரிஞ்சயனுடைய மற்றொரு தேவியார் கொடும்பாளூர் வேளிர் மகளார் பூதி ஆதிச்ச பிடாரி. திருச்செந்துறைக் கற்றளி அவர் எடுத்தது. சுந்தரசோழன் தேவி வானவன் மாதேவியோ திருக்கோவலூர் மலையமான் குலக்கொடி. இவ்வாறு வைதும்பர், இருக்குவேளிர், மலையமான் ஆகிய மூவலியும் இளையார் கிளையைச் சூழ்ந்து நின்றன. மாதேவியார்க்கோ பிறந்தகமாகிய மழவர் துணை. பிற்காலத்தே மதுராந்தகன் மணந்த தேவியர் பட்டியலில் பழுவேட்டரையர் மகளாரும் இருங்கோளர் மகளாரும் இருத்தலை நோக்கின், மூத்தார் கிளையைச் சார்ந்து நிற்கவும் வலிய குடிகள் அமைந்தன என்பது புலனாகும். இரு கட்சியும் படைதிரட்டி மோத வேண்டிய எல்லாக் கருவிகளும் அங்கே இருந்தன. மோதல் நிகழவில்லை என்பதே இவ்வரலாற்றில் வியக்கத்தக்கது.

மாதேவியார் கணவரோடு உடன்கட்டை ஏறினாரிலர். மகனை வளர்க்கும் பொருட்டு உயிர் தாங்கினார் என்று கொள்ளலாம். அவர்க்குப்பின் சுந்தரசோழன் மறைந்தபொழுது வானவன் மாதேவி, பால்மணம் மாறாத குழந்தையையும் விட்டுக் கணவனுடன் தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டொன்று உருக்கமாகக் கூறுகின்றது. ஒரே அரண்மனையில் இரு பெருந்தேவியர்; ஒருவர் சென்ற நெறி வேறு, மற்றவர் சென்ற நெறி வேறு. வானவன் மாதேவியின் அன்பைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆயினும் மாதேவியார் அன்று தீப்புகுந்திருப்பின் சோணாட்டுச் செங்கற்றளிகள் பலவும் மழையிற் கரைந்து மேடாகியிருக்கும் என்று நினையாதிருக்கவும் இயலவில்லை. கணவர் மறைந்தபின் நாற்பதாண்டுக்கு மேல் அவர் வாழ்ந்தார். தாம் வாழ்ந்த நாளெல்லாம் திருப்பணிக்கே ஆக்கினார்.

சுந்தரசோழன் ஆட்சியில் நாடு மீளத் தலையெடுத்தது. அவன் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் இளமையிலேயே பாண்டியனை வென்று வீரபாண்டியன் தலைகொண்டவன் எனப் பெயர் பெற்றான். இளவரசுப் பட்டமும் எய்தினான். மூத்தார் கிளைக்குரிய மதுராந்தகனோ இதற்குள் காளைப் பருவம் அடைந்திருத்தல் வேண்டும். முறைப்படி தனக்குரியது என்று அவன் எண்ணிய அரசு, தன் கண்முன்னரே மறுகிளையில் மேலும் ஒரு தலைமுறைக்கு உறுதிப்படுவதை அவன் கண்டான். அந்நிலையில், கி.பி. 970-ஐ ஒட்டி, ஆதித்த கரிகாலன் வஞ்சகமாகக் கொல்லப்பட்டான்.

இக்கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள நேரிய சான்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டாகும். அஃது இராசராசனது இரண்டாம் ஆட்சியாண்டினது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலியோர் அதிற் பெயர் சுட்டப்பெறுகின்றனர். அவர்தம் உடைமையும் அவர் சுற்றத்தார் உடைமையும் அரசாற் கைக்கொள்ளப்பட்டு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாரால் விற்கப்பெற்றமை அதன் பொருள். பிரமாதிராசன் என்பது அரசு தந்த உயர்ந்த பட்டம். அப்பட்டம் பெற்ற அதிகாரிகளே இளவரசனைக் கொன்றனர் எனின் அவர்க்குப் பின்னே நின்றவர் யாவர்?

பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் தம் சோழர் வரலாற்றில், இக்கொலையில் உத்தம சோழனாகிய மதுராந்தகனுக்குத் தொடர்பிருக்கலாம் என்று ஐயுற்றார். அவன் ஆண்ட பதினைந்து ஆண்டுகளிலும் கொலைஞர் ஒறுக்கப்படாமல், இராசராசன் காலத்திலேயே நடவடிக்கை காணப்படுதல் அவர் ஐயத்திற்கு அடிப்படை. சதாசிவ பண்டாரத்தார் இதனை உடன்படவில்லை. பெரும்பதவியில் இருந்தோர் நிலத்தைக் கைக்கொண்டு, சுற்றத்தார் உரிமைகளை ஆய்ந்து, இறுதியில் விற்றுப் பணமாக்குதல் ஓராண்டில் முடியும் செயலன்று. கல்வெட்டிற் காண்பது அந்நெடிய நடவடிக்கையின் கடைக்கூறாகவும் இருக்கலாம். கொலைஞருள் ஒருவன் பெயரோடு வரும் பஞ்சவன் என்னும் சொல், பாண்டியனைக் குறிக்கும் பெயராதலை நோக்கி, தலையிழந்த வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கியோர் இவர் என்று கருதுவாரும் உளர்.

அடியேன் கருத்தை இங்கே ஒளிக்க வேண்டுவதில்லை. மகன் கொலைக்கு உடந்தையாக இருந்திருப்பின், கொலையுண்டவன் உடன்பிறந்தார் ஆகிய குந்தவைப் பிராட்டியாரும் அருண்மொழிவர்மனும் அம்மகனைப் பெற்ற தாயோடு பின்னர் ஒரே குடும்பமாய் வாழ்ந்து, அவர் எடுக்கும் கோயில்களுக்குத் தம் ஆட்சியில் இடையூறின்றி வழிவிட்டிருப்பரோ? இரத்தப் பழி அத்துணை எளிதில் ஆறுவதன்று. சாத்திரியார் பெரும்புலவர், அவர் நூலின்றி நம்மனோர்க்குச் சோழர் வரலாறே இல்லை. எனினும் இவ்வொன்றில் அவர் ஐயம் ஐயமாகவே நிற்கின்றது.

கரிகாலன் மறைந்தபின் நிகழ்ந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடே நமக்குக் கூறுகின்றது. குடிமக்கள் சுந்தரசோழனுடைய இளைய மகன் அருண்மொழியை அடைந்து, இருள்சூழ்ந்த நாட்டைத் தாங்குமாறு வேண்டினர். அவனுக்குப் படையின் அன்பும் மக்களின் அன்பும் இருந்தன. ஆயினும் தன் சிற்றப்பன் முறையாகிய மதுராந்தகன் நாடாள விரும்புகின்றான் என்பதை உணர்ந்து, அவ்விருப்பம் உள்ளவரை மனத்தாலும் அரசை நச்சேன் என்று அருண்மொழி விலகினான். மதுராந்தகன் முடி சூடினான். அருண்மொழியின் பெருமையறிந்து அவனையே தனக்குப்பின் அரசனாக இளவரசுப் பட்டம் கட்டினான். மதுராந்தகனுக்கு மகன் இருந்தும் அவனுக்கு அப்பட்டம் அளிக்கப்படவில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

செப்பேட்டை இயற்றியோர் இராசராசன் மகனுடைய அவைப்புலவர் ஆதலின் அவர் உரையில் புகழ்ச்சி கலந்திருத்தல் இயல்பு. விட்டுக்கொடுத்தல், பேச்சுவார்த்தைக்குப் பின் ஏற்பட்ட உடன்படிக்கை ஆகவும் இருந்திருக்கலாம்: முதலில் மூத்தார் கிளை, பின்னர் இளையார் கிளை என்று. அவ்வாறாயின் அவ்வுடன்பாட்டிற்கு நடுநின்றவர் யார்? ஏட்டிலோ கல்லிலோ விடையில்லை. இரு பக்கத்தாரும் ஒருங்கே வணங்கத்தக்க மூத்தோர் அவ்வரண்மனையில் மாதேவியாரே என்பதை மட்டும் நாம் அறிவோம்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் வேண்டும். கல்கி அவர்கள் எழுதிய பொன்னியின் செல்வன் என்னும் புதினம் 1950 முதல் வார இதழில் வெளிவந்து, தமிழ் மக்கள் உள்ளத்தில் இவ்வரலாற்றை ஊன்றிவிட்டது. அதில் மதுராந்தகன் மாதேவியார் வயிற்றிற் பிறந்தவனல்லன் என்றும், உண்மை மகன் சேந்தன் அமுதன் என்பவன் என்றும் கதை செல்கின்றது. கதைக்கு அது சுவை. அவர் கற்பனைத் திறனை மறுப்பார் இலர். ஆனால் திருக்கோயிலுக்கு வரும் இளைஞர் அதனை வரலாறென்றே கொண்டு எம்மனோரிடம் வாதிடுகின்றனர். மாதேவியாரோ ஊர்தோறும் கல்லில், உத்தம சோழரைத் தம் வயிற்றிற் பெற்றதாகவே வெட்டுவித்துள்ளார். பெற்ற தாயின் கூற்றினும் வலிய சான்று வேறென்ன வேண்டும்?

உத்தம சோழன் ஆட்சியிலேதான் மாதேவியார் திருப்பணிகள் பெருகின. அரசனைப் பெற்ற தாய்க்குப் பொருட்குறை இல்லை. அப்பொருளை அவர் செலவிட்ட முறையை நன்கொடையாளராகிய அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். அக்காலத்துச் சோணாட்டுத் திருக்கோயில்களிற் பல செங்கல்லாலும் மண்ணாலும் மரத்தாலும் ஆயவை. மூவர் முதலிகள் பாடிய தலமாயினும், சில தலைமுறைக்கொருமுறை கூரை சாயும், சுவர் கரையும், ஆற்று வெள்ளம் புகுந்தால் கோயிலின் சுவடே மறையும். காவிரிப் படுகையில் கல் கிடையாது. மலைப்பகுதியிலிருந்து கல்லைக் கொணர்ந்து ஒவ்வொரு செங்கற்றளியையும் கற்றளியாக மாற்றுதல் எத்துணைப் பொருளும் ஆளும் காலமும் வேண்டும் செயல் என்பதை, சிறியதொரு மண்டபம் எடுக்க முயன்றோரும் அறிவர். மாதேவியார் புதிய கோயில்களை எழுப்பிப் புதுப்புகழ் தேடினாரிலர். பாடல்பெற்ற பழந்தலங்களையே பெரும்பாலும் தேர்ந்து அவற்றை அழியாமற் காத்தார். திருநல்லம், திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறை, திருமணஞ்சேரி, குற்றாலம் எனப்பெறும் திருத்துருத்தி, திருவாரூர் அரநெறி, விருத்தாசலம் எனப்பெறும் திருமுதுகுன்றம் என்று அப்பட்டியல் நீளும்.

கோனேரிராசபுரம் என்று இன்று வழங்கும் திருநல்லத்துக் கற்றளியை அவர் தம் கணவர் பெயரால் எடுப்பித்தார். கருவறைக்கு முன்னுள்ள மண்டபத்தின் தென்சுவரில், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் திருவுருவத்தைப் பொறிக்கச் செய்து, அதன்கீழ்ச் செய்தியையும் எழுதுவித்தார். மடத்திற் பயின்ற இளமைக் காலத்தில் ஆசிரியர் எங்களை அழைத்துச் சென்று அவ்வுருவத்தைக் காட்டினார். ஒரு சாண் அளவினதாகவே என் நினைவில் நிற்கின்றது. முடியும் படையும் வெற்றியுமாகத் தம் கணவரைக் காட்டியிருக்கலாம். பூசை செய்யும் அடியாராகவே அவர் காட்டினார். அத்துடன் நில்லாது, அக்கோயிலைத் தம் ஆணையின்படி எடுத்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் பெயரையும், அவனுக்கு அளித்த இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டத்தையும் கல்லில் வெட்டுவித்தார். பொருள் கொடுத்தோர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் எங்கும் உண்டு. நம் திருத்தணிகை வீரட்டானேசுவரர் கற்றளியை அபராசித பல்லவன் காலத்தில் எடுத்த நம்பி அப்பி பெயரும் அவ்வாறு நின்று நிலவுகின்றது. வேலை செய்தவன் பெயரை அரசியார் போற்றிப் பொறித்தது அரிது.

திருக்கோடிகாவலில் அவர் செய்ததோ இக்காலத் திருப்பணியாளர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய செயல். பழைய கோயிலைப் பிரித்தபொழுது, பல்லவர் காலம் முதலான கொடைகளைக் கூறும் எழுத்துகள் உதிரிக் கற்களில் இருந்தன. அவற்றைத் தளத்துக்கும் படிக்கும் இட்டு மறைக்காமல், புதுச்சுவரில் மீளப் படியெடுத்து வெட்டுவித்து, இது பழங்கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்க்கச் செய்தார். அறஞ்செய்தவர் பெயர் தம் திருப்பணியால் அழியலாகாது என்ற அச்சம் அவர்க்கு இருந்தது. இக்காலத்தே ஒரு தலத்தில் யான் கண்டதை நினைக்குந்தோறும் உள்ளம் நோகின்றது. கல்லைத் தூய்மை செய்கின்றோம் என்று மணலை விசையோடு பீச்சி, சோழர்காலத்து எழுத்து முழுதையும் தேய்த்துவிட்டனர். அடுத்த சுவரில் பளபளப்பான ஓடுகளைப் பதித்து எஞ்சியதையும் மூடினர். ஊர்ப்பெயர் வேண்டா. அங்கே ஆயிரம் ஆண்டுகளாக விளக்கிட்ட ஒருவன் பெயர் அன்று மறைந்தது. அத்துடன் அவ்விளக்கிற்கு உரிய நிலம் இன்னதென்னும் சான்றும் மறைந்தது.

விருத்தாசலத்திலே கருவறை மட்டுமன்றித் திருமஞ்சனமாடும் மண்டபம், கோபுரம், திருச்சுற்று மாளிகை, பரிவார தேவர் கோட்டங்கள் ஆகியவற்றையும் அமைத்தார் மாதேவியார். அவர் எடுத்த தளிகளிற் சுவர்மாடங்கள் முன்னையினும் மிகுந்தன. குறிப்பாக, தென்சுவரில் ஆடவல்லான் திருவுருவத்தைக் கல்லில் அமைக்கும் வழக்கம் அவர் கோயில்களிலே வேரூன்றியது. தில்லைக் கூத்தனைப் பாடிய கணவரை நினைந்து செய்தாரோ, தாமே அக்கூத்திற் பித்தானாரோ! அவர் காலத்து வார்ப்புத் திருமேனிகளின் நுண்மையைக் கலைவல்லுநர் இன்றும் வியந்து பேசுவர்.

உத்தம சோழனும் தாயின் வழியினின்று வழுவினானல்லன். அவன் அதிகாரி அம்பலவன் பழுவூர் நக்கன் கோவிந்தபுத்தூர் விசயமங்கைக் கோயிலைக் கற்றளியாக்கினான். அரசன் நெறி எதுவோ அதுவே அதிகாரி நெறியாயிற்று. அவன் தேவியர், மாதேவியார் பெயரால் நாகைப்பக்கத்தே அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரின் கைலாசநாதர் கோயிலில், மாமியார் பிறந்த கேட்டை நாளிற் சிறப்பு வழிபாடும் உணவளிப்பும் நடைபெறப் பொருள் வைத்தனர். வெவ்வேறு குடியிற் பிறந்து, தம்முட் போட்டியிட எல்லா ஏதுவும் உடைய மருமகளிர் பலர், மாமியார் பிறந்தநாளுக்காக ஒன்று கூடினர். மாமியார் மருமகள் கதைகளை நாளும் கேட்கும் நமக்கு இதுவும் ஓர் அற்புதமே.

கி.பி. 985-இல் உத்தம சோழன் ஆட்சி முடிவுற்றது. அருண்மொழி, இராசராசன் என்னும் பெயரோடு முடி புனைந்தான். மகன் போயினான், அரசு மறுகிளைக்கே சென்றது. வேறொரு குடும்பமாயின் பழைய அரசன் தாய் ஒரு மூலையில் ஒதுங்கியிருப்பார். மாதேவியாரின் பணியோ ஓய்ந்திலது. இராசராசனது பதினாறாம் ஆண்டில், அஃதாவது கி.பி. 1001-இல், திருவக்கரையிலே சிவலோக பரமசுவாமிக்குக் கற்றளி எடுத்தார். பராந்தகன் காலத்தில் மருமகளாய்ப் புகுந்தவர், முதுமையின் எல்லையில் நின்று மற்றொரு கோயிலுக்குக் கல் கொணர்விக்கின்றார். தஞ்சைப் பெருங்கோயிலைப் பின்னர் எடுப்பித்த இராசராசனும், அங்கே செப்புத் திருமேனிகளை வழங்கிய குந்தவையாரும் திருப்பணி என்பதை எவரிடம் கற்றனர் என்பது சொல்லாமலே விளங்கும். இராசராசன் தன் மகனுக்கு இட்ட பெயரையும் நோக்குக: பின்னாளில் இராசேந்திரன் எனப்பெற்றவனுக்கு இயற்பெயர் மதுராந்தகன். எவனுக்காக அருண்மொழி அரியணையை விட்டு விலகினானோ, அவன் பெயரே மகன் பெயராயிற்று.

மாதேவியார் மறைந்தபின் அவர் திருவுருவத்தைச் செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் எழுந்தருளுவித்து, வழிபாட்டுக்கு வேண்டுவன அளித்ததை இராசேந்திரன் கல்வெட்டு கூறும். அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரக் கலைக்கூடத்தில் நெடிய செப்புத் திருமேனி ஒன்று உளது. மெலிந்த இடையும் தாழ்ந்த தோளும் நீண்ட விரல்களும் உடையது. அதனை மாதேவியார் உருவமென்று சிலரும், உமையம்மை திருவுருவமென்று சிலரும் கூறுவர். அம்மை வடிவில் அரசியாரை வைத்தனரோ, அரசியார் வடிவில் அம்மையை வைத்தனரோ, அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இனி அவர் பெயரன் வரலாற்றை மட்டும் கூறி அமைவேன். உத்தம சோழன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் எனப் பெயர் தாங்கியவன். தந்தை அரசனாயிருந்தும் தனக்கு அரசு வாராதவன். முடியை இழந்த இளவரசர் படைகூட்டிக் கலகம் விளைத்த வரலாறு உலகில் எண்ணிறந்தன. இவனோ இராசராசன் ஆட்சியில் திருக்கோயில்களைக் கண்காணிக்கும் அதிகாரியாய் ஊர்தோறும் சென்றான். நம் தொண்டைநாட்டிலே, பொன்னையாற்றங்கரையிலுள்ள திருவல்லத்திற்கு இராசராசனது ஏழாம் ஆண்டில், கி.பி. 991-இல் வந்தான். பெருமானுக்கு ஆயிரம் கலசங்களால் திருமஞ்சனம் ஆட்டுவித்து உடனிருந்து வணங்கினான். வணங்கும்பொழுதே, நிவேதனத்துக்குரிய அரிசி குறைந்திருத்தலையும் விளக்குகள் எரியாமையையும் கண்டான். பூசை புரியும் சிவப்பிராமணரையும் ஊர்ச் சபையாரையும் அழைத்து, தேவர்க்குரிய நிலம் எவ்வளவு, அதன் வருவாய் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கணக்குக் கேட்கத் தொடங்கினான்.